உள்பக்கத் தாழ்ப்பாள்

"கதவைத் திற, கண்ணு. விளையாட்டு வேற, வீம்பு வேற."

உடைமாற்றும் அறையின் கதவில் நெற்றியைச் சாய்த்தபடி சொன்னார் கால்பந்து கிளப் தலைவர் க்ளிஃப் ஹெப்வொர்த். யார்க்‌ஷயர்க்காரர், அந்த வட்டார வழக்கப்படி எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். கோபம் ஏற ஏற அந்தக் கண்ணுவும் கூடும்.

உள்ளே யாரோ காலை நகர்த்தியதில் ஆணிக் காலணி ஒன்று தரையில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது.

"மோரீன், மாற்றுச் சாவி எங்க?"

"சாவியை வச்சு என்ன பண்றது? உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்காங்க," என்றார் கிளப் செயலாளர் மோரீன். "பத்து நிமிஷத்துல இறங்கலேன்னா எதிரணி ஜெயிச்சதா அறிவிச்சுடுவேன்னு நடுவர் சொல்லிட்டாரு."

வெளியே ஊரே மழையில் நனைந்துகொண்டு பாடிக்கொண்டிருந்தது. இந்த ஓர் ஆட்டத்தில் ஜெயித்தால் ஸ்கார்டேல் கிளப் மேல் பிரிவுக்குப் போகும்.

"ஆஷ்லி! நீதானே கேப்டன்? உங்களுக்கு என்னதான் வேணும்?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஆஷ்லியின் பதில் நிதானமாக வந்தது. "காலையில சொன்னதுதான், தலைவரே. ஒரே கிளப், ஒரே சட்டை. ஆண்கள் அணிக்கு என்ன சம்பளமோ அதுவே பெண்கள் அணிக்கும்."

"இதுக்குப் பின்னால இருக்கிறது ஹேஸல்தானே?"

"ஹேஸல் மூணு வருஷமா உங்க மேஜைக்கு முன்னால நின்னு கேட்டாங்க. யார் பின்னாலயும் ஒளியுற ஆள் இல்ல அவங்க."

மோரீன் இருமினார். சிரிப்பை மறைக்க வந்த இருமல் அது.

"அவங்க ராத்திரியெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டிட்டு, தூங்காம மைதானத்துக்கு வந்து கோல் போடறாங்க," என்றது ஆஷ்லியின் குரல். "இந்த ஊர்ப் பிள்ளைங்க சட்டை முதுகுல யார் பேரு இருக்கு, சொல்லுங்க?"

"என் பேரன் முதுகுலகூட ஹேஸல்தான்," என்றார் மோரீன். "தூங்கறப்பகூட அந்தச் சட்டையைக் கழட்ட மாட்டேங்கறான்."

"நீ யார் கட்சி, மோரீன்?"

"எனக்கு என்ன கட்சி, க்ளிஃப்? சட்டையை விக்கிறது நாம. அதைச் சொன்னேன்."

ஹெப்வொர்த் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கம்பளக் கடையில் சம்பாதித்ததில் பாதியை இந்த கிளப்பில் போட்டவர். வெளியே பாட்டு தேய்ந்து, முணுமுணுப்பாக மாறத் தொடங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா நீங்க ஒருத்தரும் வாயே திறக்கலையே. இன்னைக்குன்னு பார்த்து என்ன வந்துச்சு?"

உள்ளே குழாயிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

"வாயே திறக்காம இருந்தோம் பாருங்க," என்றார் ஆஷ்லி கடைசியில், "அதுதான் எங்களுக்கு வெட்கமா இருக்கு."

"கண்ணு, வெட்கப்பட்டா காசு வந்துடுமா? இருக்கிறது அவ்வளவுதான். ஒருத்தருக்கு ஏத்தணும்னா இன்னொருத்தருக்குக் குறைக்கணும்."

"குறைங்க."

"சொல்றது சுலபம்!"

"சுலபமா இல்ல, தலைவரே. ரெண்டு நாளா எங்களுக்குள்ள அடிச்சுக்காத குறை. இவன் வீட்டுக் கடன், அவன் குழந்தைன்னு..." குரல் சட்டென்று நின்றது. "எல்லார் வீட்டு கஷ்டத்தையும் பேசித்தான் முடிவு பண்ணோம்."

ஹெப்வொர்த் எழுந்து கதவருகே வந்தார். அவர் குரல் தணிந்திருந்தது. "ஆஷ்லி, உனக்கு வயசு முப்பத்தஞ்சு. முழங்கால் போயாச்சு. இந்த ஆட்டம் இன்னொரு தடவை உனக்குக் கிடைக்காது. அதாச்சும் தெரியுதா?"

மோரீன் கடிகாரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"தெரியும்."

ஹெப்வொர்த் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"சரி. எழுதிக் கொடுக்கிறேன்."

"எழுத்து வேணாம். மைக்ல சொல்லுங்க. ஊர் கேட்கட்டும்."

"என்னை நம்ப மாட்டியா?"

"நம்பறேன். ஊர் கேட்டுட்டா இன்னும் கொஞ்சம் நம்புவேன்."

மோரீன் இந்த முறை இருமாமலே சிரித்தார்.

ஹெப்வொர்த் விறுவிறுவென்று நடந்துபோய், அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். மைதானம் அடங்கியது. கூரையில் மழை விழுவது மட்டும் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. அடுத்த சீசன்லேர்ந்து நம்ம கிளப்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். நான் சொல்றேன். அவ்வளவுதான்."

அவர் தன் ஈரமான காலணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கோ ஒரு மூலையில் ஒருவர் கை தட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு கூரை அதிரும்படி மைதானம் முழுவதும் ஒரே பெயரைப் பாடத் தொடங்கியது: ஹேஸல், ஹேஸல்.

அவர் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. நரை ஓடிய தாடியோடு முதலில் வெளியே வந்த ஆஷ்லி அவருக்குக் கை கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் ஓடினார். அவருக்குப் பின்னால், மழைக்குத் தலை குனிந்தபடி, ஸ்கார்டேலின் ஆண்கள் அணி முழுவதும் ஓடியது. பார்வையாளர் வரிசையில் தன் அணிப் பெண்களோடு உட்கார்ந்திருந்த ஹேஸல், மூடிய கதவுக்குள் நடந்தது எதுவும் தெரியாமல், ஊர் தன் பெயரைப் பாடுவதைக் கேட்டு மெல்ல எழுந்து நின்றார்.