வீட்டில் இரண்டு பூஞ்சை

“ஆமா சார், பூஞ்சைதான். பாப்பாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது... என்ன சார், அவனையா?... சரி சார், சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள பூஞ்சையை வெளியேத்திடறேன்.”

வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது மாமா, என் அக்கா புருஷன். கதவுக்கு இந்தப் பக்கம் நான்.

இந்த வீட்டில் பூஞ்சை என்றால் நான்தான். ஊதினால் பறக்கிற உடம்பு, அக்கா வைத்த பேர். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இங்கே படுத்திருக்கிறேன். போவதற்கு வேறு வீடு கிடையாது.

மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் நான் இல்லை. நேராகப் போய் நின்றேன்.

“நானே கிளம்பிடறேன் மாமா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு?”

“எங்கடா கிளம்பறே?”

“பூஞ்சையை வெளியேத்தப் போறதா இப்பதானே சொன்னீங்க!”

மாமா ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அட மக்கு! சுவத்துல இருக்கற பூஞ்சைடா!”

கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். ஏசித் தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்து, சுவர் வழியே ஒழுகி, என் கட்டிலுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூத்திருந்தது.

நான் விடவில்லை.

“அப்போ ‘அவனையா’ன்னு ஏன் கேட்டீங்க? சுவத்துப் பூஞ்சைன்னா ‘அதையா’ன்னுல்ல கேக்கணும்? உயர்திணை அஃறிணை எனக்கும் தெரியும்.”

மாமாவின் சிரிப்பு சட்டென்று நின்று, மறுபடி கிளம்பியது.

“பள்ளிக்கூடத்தையே விட்டவன் எனக்கு இலக்கணம் எடுக்கறான் பாரு! வாய் தவறிடுச்சுடா.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டோம். மூக்கில் கைக்குட்டை, கையில் பிரஷ், வாளி நிறைய ப்ளீச்சிங் தண்ணீர். தேய்த்துத் தேய்த்து எனக்குத் தோள் கழன்றது.

“ஏசி வீட்டுக்காரரோடதுதானே மாமா? மெக்கானிக்கை அனுப்பச் சொன்னா என்னவாம்?”

“அனுப்ப மாட்டாராம். விடு.”

கேட்டு வாங்கத் துப்பில்லை. மாமா எப்பவும் இப்படித்தான். யார் என்ன சொன்னாலும் “சரி சார்”.

சுவர் முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, ஏசி மூடியைக் கழற்றினார்.

“மாப்ளே, வெளியே போய்க் குழாயை ஊது. ஊதற அளவுக்காவது உள்ள காத்து இருக்கா?”

வந்த கோபத்தில் ஊதினேன் ஒரு ஊது. அடைத்திருந்த சேறு மொத்தமும் உள்ளே மாமா மூஞ்சியில்.

“ஐயோ, இப்ப வீட்ல மூணு பூஞ்சை!” அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாப்பா கை தட்டியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வீட்டுக்காரர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. மாமா பக்கம் திரும்பினார்.

“என்ன தம்பி இது? போன்ல எவ்வளவு தெளிவாச் சொன்னேன்! வீட்ல ஆள் கூடுதல், அதான் சுவர் வேர்க்குது. இந்தப் பூஞ்சைப் பயலை முதல்ல வெளியே அனுப்பு, அப்புறம்தான் மெக்கானிக்னு சொன்னேனா இல்லியா? நீயும் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன்னு சொன்னே!”

அப்போ அந்த ‘அவனையா’ வாய் தவறி வந்ததில்லை.

மாமா மூஞ்சியில் வழிந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு, வெளுத்துப் போன சுவரைக் காட்டினார்.

“முடிச்சிட்டேனே சார்! நீங்களே பாருங்க, ஒரு பொட்டுப் பூஞ்சை இருக்கா?”

வீட்டுக்காரர் வெளியேற்றச் சொன்னது உயர்திணையை. மாமா அஃறிணையோடு நிறுத்திக்கொண்டார்.