அண்ணன் கேட்ட வட்டி

வங்கிகள் தங்களுக்குள் மூன்று மாதக் கடன் கொடுத்தால் என்ன வட்டி கேட்கும் என்று தினமும் காலையில் தன் வங்கியின் சார்பில் மதிப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. ஏழெட்டு வங்கிகள் இப்படிச் சொல்வதை வைத்துத்தான் சந்தையின் வட்டி விகிதம் முடிவாகும்.

அந்த விகிதம் ஏறுமா, இறங்குமா என்று பந்தயம் கட்டிப் பிழைப்பவன் அவளுடைய அண்ணன். சில நாள் காலையில் அவனிடமிருந்து போன் வரும்.

"பாப்பா, இன்னைக்குக் கொஞ்சம் ஏத்திச் சொல்லேன். அண்ணனுக்காக."

"வெட்கமா இல்லையாண்ணா? போனை வை."

அன்றைக்கென்று இரண்டு எண்களுக்கு நடுவே மனம் தடுமாறினால், பாசத்துக்கு வளைந்துவிட்டதாக ஆகிவிடக் கூடாதே என்று குறைந்ததையே அனுப்புவாள்.

ஒருநாள் அறிவிப்பு வந்தது. இனி யாருடைய மதிப்பீடும் வேண்டாம், உண்மையில் நடந்த கொடுக்கல் வாங்கலை வைத்தே விகிதம் கணக்கிடப்படும். பாரம் இறங்கியவளாக அண்ணனின் புது வீட்டுக்குப் போனாள்.

"இனிமே நீ என்கிட்ட கெஞ்ச வேண்டாம்ணா. நீ கேட்டு ஒரு நாள்கூட நான் ஏத்தினதில்லை. கோபமா?"

"கோபமா? இந்த வீடே அதுல வந்ததுதான்."

"புரியலை."

"உன்னை எனக்குத் தெரியாதா? ஏத்தச் சொன்னா இறக்கித்தான் சொல்லுவே. வட்டி இறங்கினா எனக்கு லாபம்ங்கிற அன்னைக்கு மட்டும்தான் உனக்குப் போன் பண்ணுவேன்."

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"சாப்பிடாம எங்க போறே பாப்பா?"

மேலதிகாரியிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமலே படியிறங்கினாள்.