மூட்டுவலிப் பொடி

"பொடியில என்ன கலந்திருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சும்மா" என்றார் டாக்டர் காசிநாதன்.

லோகாம்பாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது. கை கால்கள் குச்சியாக இருந்தன. முகம் மட்டும் பூரி போல உப்பியிருந்தது. பிடரியில் சின்னதாக ஒரு திமில். லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போய்விடும். பிள்ளையார்பாளையத்தில் அவளைப் பார்த்த எல்லோரும், "நல்லா பூசினாப்பல ஆயிட்டியே லோகா" என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டு தெரு நடந்தால் மூச்சு வாங்குவது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் மேசைமேல் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை வைத்தார்.

"இதுதான். ஸ்டீராய்டுன்னு பேரு. யாரோ ஒருத்தன் இதை இடிச்சு, சுக்கு மிளகோட கலந்து, மூட்டுவலிப் பொடின்னு கொடுக்கறான். நீ கொண்டாந்த பொட்டலத்தை மெட்ராசுக்கு அனுப்பித்தான் கண்டுபிடிச்சேன்."

லோகாம்பாள் அந்த மாத்திரையையே வெகுநேரம் பார்த்தாள்.

"இது விஷங்களா?"

"மருந்துதான். வேணும்கிறவங்களுக்கு அளவோட கொடுத்தா உயிரைக் காப்பாத்தும். கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குது. உடம்புக்கு வேண்டிய கார்டிசாலை அதுவே சுரக்கும். நீ ரெண்டு வருஷமா அதே சரக்கை வெளியிலேர்ந்து அள்ளிப் போட்டுக்கினு இருக்கே. அது, 'இனி நமக்கு வேலை இல்லை'ன்னு தூங்கிடுச்சு. போதாததுக்கு உனக்குத் தைராய்டு வேற மந்தமா இருக்குது."

"அப்ப இன்னியிலேர்ந்து நிறுத்திடறேங்க."

"ஐயையோ, நிறுத்தாதே! திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் இறங்கிச் சுருண்டு விழுந்துடுவே. அந்த நேரத்துல தைராய்டு மாத்திரையும் உள்ளே போனா உயிருக்கே ஆபத்து. பொடிக்குப் பதிலா இதே மாத்திரையை நானே அளந்து தர்றேன். பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை பத்துல ஒரு பங்கு குறைக்கணும். சுரப்பி மெள்ள முழிச்சுக்கும்."

அவள் தலையாட்டினாள்.

"யாரும்மா அந்த வைத்தியன்? பேரைச் சொல்லு. போலீஸ்ல சொல்லி உள்ளே தள்றேன்."

"பேரு சொல்லக் கூடாதுங்க."

"சொன்னா மருந்து பலிக்காதுன்னு பயமுறுத்தி வெச்சிருக்கானா?"

லோகாம்பாள் மாத்திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவரப் புடிச்சிக்கினு போயிட்டா பொடி நின்னுடுங்களா?" என்றாள்.

"அன்னிக்கே நின்னுடும்."

"தறியில உக்கார்ற ஜனம், முட்டிவலி தாங்காம அம்பது பேருக்கு மேல சாப்பிடறாங்க. அவங்க என்னாவாங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"சில பேர் தாங்க மாட்டாங்க. எல்லாரையும் இங்கே கூட்டிக்கினு வாயேன்."

"வர மாட்டாங்க. சாப்ட்டா வலி போவுது. வலி போவற மருந்தக் கெட்டதுன்னு சொன்னா யாரு கேப்பாங்க? நானே கேட்டிருக்க மாட்டேன். ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கோங்க."

"ஆறு மாசத்துல அவன் இன்னும் அம்பது பேரைப் புடிப்பான்."

"புதுசா யாருக்கும் கெடைக்காதுங்க."

"நீ சொன்னா அவன் கேப்பானா?"

"அவுரு கேக்கணும்னு இல்லீங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை அவள் திருப்பித் தந்து, இன்னும் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டாள்.

"வயசானவங்களுக்கும் இதே கணக்குதானுங்களா?"

"இன்னும் மெதுவாப் போகணும்."

"சக்கரை இருக்கறவங்களுக்கு?"

"குறைக்கக் குறைக்க அவங்களுக்குச் சக்கரையும் இறங்கும். கவனமா இருக்கணும். யாருக்காவது வாந்தி, மயக்கம்னு வந்தா ஒரு நிமிஷம் யோசிக்காதே. வண்டி வெச்சு இங்கே கூட்டிக்கினு வந்துடு." சீட்டை நீட்டியபடி சொன்னார்: "உன்னை மாதிரி ஒருத்தி பக்கத்துல இருக்கறது அந்த ஜனங்களோட அதிர்ஷ்டம்மா."

லோகாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

காந்தி ரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெயிலில் நடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். வீட்டை அடைந்தபோது வாசல் நிறைய ஆட்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தார். உள்ளே ஒருவருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன், வைத்தியர் நமச்சிவாயம், தலையைத் தூக்கி, "எங்க போயிட்ட இவ்ளோ நேரம்? பொடி தீந்துபோச்சு, சீக்கிரம் இடி" என்றார்.

லோகாம்பாள் பின்கட்டுக்குப் போய், புதிதாக வருகிறவர்களுக்கென்று வெறும் சுக்கு மிளகுப் பொடியைத் தனி டப்பாவில் எடுத்துவைத்துவிட்டு, உரலில் சுக்கையும் மிளகையும் கொட்டினாள். முத்துப் பற்பம் என்று சொல்லி அவர் மெட்ராசிலிருந்து வாங்கிவரும் வெள்ளை மாத்திரைகளில் நூறை எண்ணி, பத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியைப் போட்டு இடிக்கத் தொடங்கினாள்.