பதினோரு விநாடி

கீழ்வேளூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்த விண்ணரசி அப்படியே நிற்கிறாள். தஞ்சாவூரில் உட்கார்ந்து கணினியில் முடிவுகளை மட்டும் பார்த்துவந்தவள், முதல் நாள் பிள்ளைகளுக்குக் கேள்விகளை அமுக்கிக் காட்டிவிட்டுப் போனபிறகு இன்றுதான் நேரில் வருகிறாள். சன்னல் வழியே நாற்றங்காலின் பச்சை வெளிச்சம், அவள் ஆராய்ச்சிக்காகக் கொடுத்த டேப்லெட்டுகளின் மேல் விழுகிறது. ஆறு கேள்விகள் வரை பிள்ளைகளின் விரல்கள் டொக் டொக்கென்று ஓடுகின்றன. 'மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையின் வழிவந்தவையா?' என்ற ஏழாவது கேள்வி வந்ததும் ஓசை அடங்கிப்போகிறது. முதல் பெஞ்சு டெய்சிராணி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிலுவை போட்டு, உதடு அசைய என்னவோ முணுமுணுக்கிறாள். பக்கத்தில் திருநீறு பூசிய நீலா கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பிறகு இருவரும் 'ஆம்' என்று அமுக்குகிறார்கள். ஏழாவது கேள்வியில் மட்டும் கணினி காட்டிவந்த இந்தப் பதினோரு விநாடித் தாமதத்துக்குத்தான் விண்ணரசி 'ஆழ்ந்து சிந்திக்கும் நேரம்' என்று பெயர் வைத்து, ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதி அனுப்பியிருக்கிறாள். "என்னம்மா பண்றீங்க?" என்று முதல் பெஞ்சருகே போய்க் கேட்கிறாள். "சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு அமுக்குறோம், மிஸ். இல்லைன்னு போட்டா மார்க் போயிடும்ல?" என்கிறாள் டெய்சிராணி, வெகு சாதாரணமாக. சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை விண்ணரசியின் கழுத்துச் சிலுவையில் போய் முட்டி நிற்கிறது. கண்கள் அகல விரிகின்றன. "மிஸ், அன்னைக்கு எங்களுக்குச் செஞ்சு காட்டுனப்ப, நீங்க மன்னிப்பு கேக்காமயேவா அமுக்குனீங்க?"