தலையைத் தூக்காதிய அண்ணாச்சி

"அண்ணாச்சி, நீந்துதியளா, சைக்கிள் மிதிக்கியளா?"

நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆறுமுகச்சாமி கரையில் நின்று கத்தியதும், குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். உரக்கடை மகாராஜன் மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்து நான்கு வயது, பானை வயிறு, தலையில் நீல ரப்பர் தொப்பி. சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"முட்டியை மடக்காதிய, இடுப்புல இருந்து உதைக்கணும். தலையைத் தூக்காதிய, தலை மேல வந்தா காலு கீழ போயிரும். மூச்சை அடக்கி வைக்காதிய. தண்ணிக்குள்ள ஊதி விட்டுட்டு, சைடுல திரும்பி இழுக்கணும்."

"ஏ யப்பா, இத்தனையும் ஒரே நேரத்துலயாவே?"

ஏழு மாதமாகச் செல்போனில் வீடியோ பார்த்து அவராகவே படித்த ஃப்ரீஸ்டைல் அது. தப்பு என்று என்னென்ன உண்டோ அத்தனையும் குறைவில்லாமல் இருந்தது. சங்கரன்கோவிலில் யார் கேட்டாலும், சுகருக்காக நீந்துகிறேன் என்பார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் நீந்துவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்த மனைவி யோகலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ராயகிரிப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக் கிடாவெட்டுக்குப் போயிருந்தார்கள். சாப்பிட்ட கையைக் கழுவப் போகிறேன் என்று கிணற்றுப் படியில் இறங்கிவிட்டாள் அவர்களுடைய ஒரே மகள் அனு. ஆறு வயது. பின்னாலேயே ஓடிய மகாராஜன் கடைசிப் படியில் நின்று பார்த்தபோது, பச்சைத் தண்ணீருக்கு மேலே பிள்ளையின் விரல்கள் மட்டும் தெரிந்தன.

அறுபதடிக் கிணறு என்று அந்த வட்டாரத்துக்கே தெரியும். அவருக்கோ நீச்சல் தெரியாது. தூரத்துப் பந்தலில் மைக்செட் அலறியதில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. படியேறி, ரோட்டுக்கு ஓடி, பைக்கில் வந்த ஞானதுரை என்கிற வாலிபனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

கிணற்று மேட்டிலேயே மகாராஜன் உட்கார்ந்துவிட்டார். ஞானதுரை மட்டும் தடதடவென்று இறங்கினான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தவன், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அனுவின் முகத்தைத் துடைத்துவிட்டான். துடைத்து என்ன? பிள்ளை போய்விட்டாள்.

"பெத்த அப்பன் படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தானாம்லா," என்று துஷ்டி வீட்டிலேயே பேச்சு எழும்பியது. அழுதுகொண்டிருந்த யோகலட்சுமி எழுந்துவிட்டாள்.

"நீச்சல் தெரியாத மனுசன் அறுபதடிக் கிணத்துல குதிச்சு என்ன செய்வாரு? ரெண்டு உசுரும்லா போயிருக்கும்! இனி ஒருத்தரும் அவரை ஒரு சொல்லு சொல்லப்படாது."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மகாராஜன் இந்த இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், கடையைத் திறக்கிறார். அது இல்லையென்றால் அவரும் இல்லை.

"இன்னொரு மட்டம் போறேன்," என்று சொல்லிவிட்டுச் சுவரை உதைத்தார். இந்தத் தடவை தலையைத் தூக்கவில்லை. தண்ணீருக்குள் ஊதினார், பக்கவாட்டில் திரும்பினார், மூச்சை இழுத்தார். பாதியில் வழக்கம்போலக் கால் தாழ்ந்தது. விடவில்லை. தட்டுத்தடுமாறி எதிர்க்கரைக் கம்பியைப் பிடித்தபோது ஆறுமுகச்சாமி கை தட்டினான்.

"போட்டாரு பாரு! முழு நீளம் போட்டுட்டாரே அண்ணாச்சி!"

அந்தக் கரையில் ஞானதுரை நின்றுகொண்டிருந்தான். துஷ்டி முடிந்த மறுவாரமே சவுதிக்குப் போனவன், நேற்றுத்தான் லீவில் வந்திருந்தான். ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்று போன் போட்டு வரச்சொன்னதே மகாராஜன்தான்.

சொட்டச் சொட்ட ஏறி வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். யோகலட்சுமி எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"நல்லா இருக்கியாய்யா?" என்றாள்.

"பாத்தியா ஞானதுரை? இனி எவன் பிள்ளை விழுந்தாலும் நான் படியில நிக்க மாட்டேன், குதிச்சிருவேன்," என்றார் மகாராஜன். "இந்த மூச்சு ஒண்ணுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்கு. அன்னைக்கு அம்புட்டு ஆழத்துல மூச்சை எப்படிய்யா வச்சு நீந்துன? அதை மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

அவன் சொல்லப்போவதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று யோகலட்சுமி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். ஞானதுரை ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கு ஏது அண்ணாச்சி நீச்சலு? வத்துன கிணத்துல நெஞ்சளவுத் தண்ணிதான, நடந்துபோய்லா பாப்பாவைத் தூக்குனேன்!"