வளவு வேட்டை – 2

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் சௌபர்ணிகா செய்த முதல் வேலை, சுவரில் ஒட்டியிருந்த வில்லன் படத்தைப் பிய்த்து மேசைக்கு அடியில் தள்ளியதுதான்.

“பெரியப்பச்சி! மானகிரியில இருந்து சொல்லாமக் கொள்ளாம வந்திருக்காகன்னா விஷயம் தெரிஞ்சுபோச்சு உதயா. நாம தொலைஞ்சோம்.”

“எந்த விஷயம்?” என்றான் உடன் வேலை செய்யும் உதயகுமார். “நம்ம கேமோட ரெண்டாம் பாகம் ஊத்திக்கிச்சே, அதுவா? முதப் பாகத்து வில்லனுக்கு அவுக மூஞ்சிய வச்சமே, அதுவா?”

“ரெண்டுல எது தெரிஞ்சாலும் இன்னைக்கே காலி பண்ணணும்.”

காரைக்குடியில் இருந்த அந்தப் பெரிய வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. மூத்தவர் என்ற முறையில் அதிகாரம் முழுவதும் அவள் அப்பாவின் அண்ணன், பெரியப்பச்சி சத்தியமூர்த்தியிடம் இருந்தது. தம்பி மகளாயிற்றே என்று மாடிக் கூடத்தின் சாவியைக் கொடுத்து, வீடியோ கேம் கம்பெனி நடத்திக்கொள்ளச் சொன்னவர் அவர்தான்.

முதலில் வந்த ‘வளவு வேட்டை’ சக்கைப்போடு போட்டது. காரணம், கொத்துச்சாவி என்ற வில்லன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் நடந்து வருவான். தொண்டையை ஒருமுறை கனைப்பான். அடுத்த கணம் இடுப்பிலிருக்கும் இரும்புச் சாவிக்கொத்து சுழன்று வந்து மண்டையில் விழும்.

நடை, கனைப்பு, முகம் மூன்றும் பெரியப்பச்சியுடையவை. தினமும் மழுமழுவென்று சவரம் செய்துகொள்ளும் மனிதர் என்பதால், அடையாளம் தெரியாமலிருக்க ஒரு முறுக்கு மீசையை மட்டும் சௌபர்ணிகா ஒட்டி வைத்தாள்.

ஒரு சொந்தக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம சத்தியமூர்த்தி நடையால்ல இருக்கு” என்று சொல்லிவிட, அவள் பயந்துபோனாள். அடையாளம் தெரிந்தாலும் பெரியப்பச்சிக்குக் கோபம் வராதபடி, இரண்டாம் பாகத்தில் கொத்துச்சாவியை நல்லவனாக்கினாள். மீசையை எடுத்தாள், நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் விட்ட குடும்பமில்லை அது. அதனால் கத்தியோடு பாய்ந்து வரும் கதாநாயகனையும் கொத்துச்சாவி “வாங்க, வாங்க” என்று வரவேற்று, செம்பில் தண்ணீர் கொடுத்து, இலை போட்டு உட்கார வைத்தான். சாப்பிட்டு முடிக்காமல் கத்தியைத் தூக்கவே முடியாது.

விளையாடியவர்கள் இணையத்தில் கிழித்தார்கள். ‘ரெண்டு மணி நேரம் விளையாண்டேன். ஒரு அடி விழல. மூணு பந்தி சாப்பிட்டதுதான் மிச்சம்’ என்று ஒருவன் எழுதினான். ‘மோர் ஊத்துறதுக்கு எந்த பட்டனை அமுக்கணும்?’ என்றான் இன்னொருவன்.

படியேறி வந்த சத்தியமூர்த்தி, மேல்துண்டால் மூக்குக்குக் கீழே வாயை மூடிப் பிடித்திருந்தார். அவருக்கே உரிய அந்தக் கனைப்பு துண்டுக்குள்ளிருந்து வந்தது.

“வாங்க பெரியப்பச்சி. ஏன் துண்டை வச்சு மூடியிருக்கீக? ஒடம்புக்கு என்ன?”

“தூசி. புதுவயல் மில்லுத் தூசி.”

மானகிரியிலிருந்து வருகிறவருக்குப் புதுவயல் எந்த வழியில் குறுக்கிட்டது என்று கேட்க அங்கே யாருக்கும் துணிவில்லை. சௌபர்ணிகா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

“அந்த கேம்லயும் தண்ணி, இங்குட்டும் தண்ணியா? அங்குட்டு வையி!”

செம்பு மேசைக்குப் போனது. உதயகுமார் நைசாகப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தான்.

“நில்லுங்க தம்பி. ரெண்டு பாகத்தையும் போன்ல போட்டுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். அது யாரு மூஞ்சி?”

“கம்ப்யூட்டரா போட்டதுங்க ஐயா.”

“என் காது மடல்ல மச்சம் இருக்குறது கம்ப்யூட்டருக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு? அதுவும் நம்ம பங்காளியோ?”

சத்தியமூர்த்தி சௌபர்ணிகா பக்கம் திரும்பினார்.

“திருப்பத்தூர்க் கல்யாணத்துக்குப் போனேன் ஆத்தா. எளவட்டப் பயலுக என்னையப் பாத்துச் சிரிக்கிறானுக. ஒருத்தன் வந்து கேக்குறான், ‘ஐயா, பாயசம் எப்ப போடுவீக?’ன்னு. நான் நடந்து வந்தா எந்திரிச்சு நின்ன சனம்! இந்த வீட்டு மரியாதை என்னாகுறது?”

சௌபர்ணிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடிக் கூடத்தின் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“தப்புதான் பெரியப்பச்சி. இடத்தைக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிடுறோம். இனிமே வர்ற எதுலயும் உங்க சாயலே இருக்காது. முதப் பாகத்துலயும் அந்த வில்லனை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுறோம்.”

சத்தியமூர்த்தி சாவியைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து பாதி நீட்டிக்கொண்டிருந்த வில்லன் படத்தைக் கைத்தடியால் வெளியே இழுத்தார்.

பிறகு மெல்லத் துண்டை இறக்கினார். மேலுதட்டில், இரண்டு முனையும் கன்னத்தை நோக்கி முறுக்கிவிட்ட வெள்ளை மீசை.

“அப்ப, நான் எதுக்கு ஆத்தா இதை வளர்த்தேன்?”