வெடிக்காரன் சின்னாண்டி

மஞ்சள் முக்கோணம் போகவில்லை.

மூன்றாவது முறையாக லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். வட்டம் சுற்றியது. திரை வந்தது. வைஃபை இருக்கவேண்டிய மூலையில் ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை காலேஜ் லேபில் புது விண்டோஸ் ஏற்றினார்கள். அன்றிலிருந்து இப்படி.

லேபில் இருந்த அண்ணன் வழி சொல்லியிருந்தான். "நெட்வொர்க் ரீசெட்னு ஒண்ணு இருக்கு. அமுக்கு. சேத்து வச்ச பழைய வைஃபை பேரெல்லாம் அழிஞ்சு சுத்தமா வந்துரும்."

அதை மட்டும் அவள் அமுக்கவில்லை.

பழைய பேர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

வெடிக்காரன் சின்னாண்டி.

அப்பா போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு அவள்தான் அந்தப் பேரைப் போட்டாள். டிப்பர் லாரி நெற்றியில எழுதுற மாதிரி எழுது என்று அப்பா கேட்டார். அவளுக்காக எந்நேரமும் அதைப் போட்டே வைத்திருப்பார். குவாரியில் வெடி வைக்கிற வேலை முடிந்து அவர் சந்து திரும்பும்போதே லேப்டாப்பில் பேர் வந்துவிடும். அப்புறம்தான் செருப்புச் சத்தம். அப்புறம்தான் அப்பா.

நாலு மாசமாகப் பேர் வரவில்லை.

பாறை சரிந்ததும் உடம்பை எடுத்துக் கொடுத்தார்கள். வலது கால் செருப்பைக் கொடுத்தார்கள். போன் நொறுங்கிப்போச்சு என்றார்கள்.

வாசலில் தவசி உட்கார்ந்திருந்தார். குவாரி மேஸ்திரி. முதலாளி கொடுத்தனுப்பிய காகிதம் அம்மாவின் முன்னால் கிடந்தது. பக்கத்தில் மைப்பெட்டி.

காகிதத்தை அவள்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள். யாரும் அழைக்கவில்லை. குடித்துவிட்டுத் தானாகவே குழிக்குள் இறங்கினார் என்று இருந்தது.

"போன் வந்துச்சுண்ணே," என்றாள் அம்மா. நாலு மாசமாக இதையேதான் சொல்கிறாள். "சோத்துல கைய வச்ச மனுசன். ரெண்டு வாய் திங்கல. கையக் கழுவிட்டு ஓடுனாரு."

"யாரு கூப்புட்டா? அந்த போன் இருந்தா இப்பவே பாத்துரலாம். இல்லையே தங்கச்சி."

தவசி குரலில் கோபம் இல்லை. லோடு ஏற்றுகிறவர்களிடம் பேசுகிற குரல்.

"நாளைக்கே ஆபீஸ்ல வேணுங்கிறாக. குவாரி குடுத்த இந்த லைன் வீட்டையும் எத்தன நாளைக்கி உங்களுக்கு விட்டுவப்பாக, சொல்லு."

அம்மா மைப்பெட்டியைப் பக்கத்தில் இழுத்தாள்.

அவள் பென்டிரைவைச் சொருகினாள். வைஃபையை இயக்குகிற பழைய டிரைவர் ஃபைல் அதில் இருந்தது. காலேஜில் இறக்கி வைத்தது.

பச்சைக் கோடு நகர்ந்தது. பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது.

முக்கோணம் போனது. மூலையில் விசிறி மாதிரி வைஃபை படம் வந்தது. வெளிறிப்போய்.

"என்னாத்தா, காலையில இருந்து அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டுற?"

"வைஃபை சரியாச்சா இல்லையான்னு தெரியல மாமா. பாக்கிறதுக்கு நெட்டு இல்ல."

மேஸ்திரி சிரித்தார். "இம்புட்டுதானா. நம்ம போன்ல போட்டுக்க. சும்மாதான் கெடக்கு."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். சிவப்பு உறை. புதுசு. தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கி, கட்டைவிரலால் தேய்த்தார்.

"போட்டாச்சு. என்னமோ பாஸ்வேர்டு கேக்குமாம்ல. அது எனக்குத் தெரியாது."

கேட்கவில்லை.

அவள் எதையும் தொடவில்லை. விசிறி தானாக நிறைந்தது.

வெடிக்காரன் சின்னாண்டி. இணைந்தது.

அவள் சந்து முனையைப் பார்த்தாள்.

வெயில். ஒரு கோழி. செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

அப்புறம் சிவப்பு உறையைப் பார்த்தாள்.

சிம்மை மாற்றினால் போன் மாறிவிடும் என்று நினைக்கிற ஆள்.

"வந்துருச்சா தாயி?"

"வந்துருச்சு மாமா."

அம்மா கட்டைவிரலை மையில் ஒற்றிவிட்டிருந்தாள். கல் உடைத்துத் தேய்ந்த விரல். லேசில் ரேகை விழாது. அழுத்தி உருட்டவேண்டும். அப்பா விரலும் அப்படித்தான். எத்தனை தடவை வைத்தாலும் போனுக்கு அவரை அடையாளம் தெரியாது. சீ போ என்று பூட்டே போடாமல் விட்டுவிட்டார்.

அவள் காகிதத்தின் மேல் கையை வைத்தாள்.

அம்மாவின் விரல் அவள் புறங்கையில் இறங்கியது. நீலமாக. ரேகையில்லாமல்.

"இரும்மா."

அம்மா நிமிர்ந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை.

"நெட்டு விட்டு விட்டு வருது மாமா. போன இப்பிடி எம்பக்கத்துல வைங்க."

மேஸ்திரி எட்டி நீட்டினார். "படி, படி. நல்லாப் படிச்சு எங்களையெல்லாம் வேல வாங்கு."

போன் வெதுவெதுப்பாக இருந்தது. சட்டைப்பைச் சூடு.

பூட்டு இல்லை.

யார் யார் கூப்பிட்டார்கள் என்கிற பட்டியலைத் திறந்தாள். நேற்று. போன வாரம். விரலால் தள்ளினாள். தேதிகள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன.

ஆகஸ்ட்.

மேஸ்திரி அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வீடு. கரண்டு. முதலாளி நல்லவர்.

ஜூலை.

ஜூன். அப்பா செத்த மாசம்.

அவள் விரல் போகிற இடத்தைப் பார்த்த மேஸ்திரி பாதிப் பேச்சில் நிறுத்தினார்.